‘உச்’ என்ற ஒரே ஒலி

இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டாரத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. காலை மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் போய்க்கொண்டிருந்தபோது, ஓர் அறையிலிருந்து “கார்டன் பென்னட்!” என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். எட்டிப் பார்த்தால், அவர் மடியில் தேநீர் கவிழ்ந்திருந்தது. நல்லவேளையாக அது ஆறிப்போன தேநீர். போர்வையை மாற்றிவிட்டு, அவர் கூப்பிட்ட ஆளைத் தேடி மருந்துப் பதிவேட்டைப் புரட்டினேன். பென்னட் என்று யாரும் இல்லை. புதிதாகச் சேர்ந்த உதவியாளராக இருக்கலாம் என்று டியூட்டி அட்டவணையையும் பார்த்தேன். கடைசியில் சீனியர் நர்ஸிடம் போய், “கார்டன் பென்னட் இன்றைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார்? ஐந்தாம் அறைக்காரர் அவரைக் கேட்கிறார்” என்றேன். அவர் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. நியூயார்க்கில் பத்திரிகை நடத்தி, ஊதாரித்தனத்துக்குப் பெயரெடுத்து, லிவிங்ஸ்டன் என்ற பயணியைத் தேட ஸ்டான்லி என்ற நிருபரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவைத்த ஜேம்ஸ் கார்டன் பென்னட் 1918-இல் இறந்துபோனவர். அவர் பெயரைத்தான் இங்கிலாந்துக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டால் சொல்கிறார்கள். கடவுள் பெயரில் தொடங்கும் ‘கோர் பிளைமி’ என்ற பழைய சொல் வாய்க்கு வந்துவிட, பாதியில் சுதாரித்துக்கொண்டு, அதே ஒலியில் தொடங்கும் ஒரு மனிதரின் பெயருக்குத் தாவிவிடுகிறார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் நானே சொல்லிச் சிரிக்கவைக்கும் கதைதான் அது. உறுத்துவது அதற்கு நான்கு மாதம் கழித்து நடந்தது. அதில் யாரும் சிரிக்கவில்லை. மூன்று ஆண்டாகியும் அது எனக்குள் அடங்கவில்லை. ஆங்கிலத்தில் திடுக்கிடவும் முகம் சுளிக்கவும் நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிட்டால்தான் அதைச் சொல்ல முடியும்.

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு ஆங்கில இலக்கணத்தில் வியப்பு வாக்கியங்கள் வந்தன. யாராவது இறந்துபோனால் ‘அலாஸ்’, பந்தயத்தில் ஜெயித்தால் ‘ஹுர்ரா’. இரண்டையும் மாற்றி எழுதி ஒரு மதிப்பெண்ணை இழந்தவள் நான். இங்கே வந்து எத்தனையோ மரணங்களைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். ஒருவர்கூட ‘அலாஸ்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. பிஸ்கட் டப்பா காலியாக இருக்கும்போது வேடிக்கைக்குச் சொல்வார்கள். விடுதியில் வேறொரு பாடம் நடந்தது. ‘ஓ மை காட்’ என்று எவள் வாயிலாவது வந்தால், “கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக” என்ற கட்டளையை வார்டன் பத்து முறை எழுதவைப்பார். அதற்கு மாற்றாக ‘ஓ மை குட்னஸ்’ என்று சொல்லப் பழக்குவார். நல்ல குடும்பத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்களாம். எங்களில் பாதிப்பேர் “முருகா!” என்றும் “மாரியாத்தா!” என்றும் நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தோம், அதை அவர் ஒருநாளும் கண்டுகொண்டதில்லை. அந்த நாமங்கள் வீணாவதில் அவருக்குக் கவலை இல்லை போலும்.

ஆகவே ‘ஓ மை குட்னஸ்’ என்ற சொத்தோடுதான் நான் விமானம் ஏறினேன். சேர்ந்த மாதத்திலேயே, ஒரு பாட்டியின் கையில் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்து அதைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற உதவியாளர் பெண், ‘கிரேஷஸ் மீ’ என்ற மீதியை மெல்லிய ராகத்தில் முனகத் தொடங்கி, சட்டென்று நிறுத்தி, காது மடல் வரை சிவந்துபோனாள். ஏனென்று பின்னால்தான் தெரிந்தது. 1960-இல் பீட்டர் செல்லர்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் இந்திய மருத்துவர்போலக் குரலை வளைத்து, சோபியா லோரனுடன் சேர்ந்து பாடி வெளியிட்ட பாட்டு அது. அதன் பிறகு அந்தச் சொற்றொடர் இந்தியர்களைக் கேலி செய்வதற்கென்றே எடுத்துவைத்த வேஷமாகிவிட்டது. இங்கே வாழும் இந்திய வம்சாவளி நடிகர்கள், 1996-இல் பிபிசி வானொலியிலும் 1998-இல் தொலைக்காட்சியிலும் தங்கள் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு அதையே தலைப்பாக வைத்து, கேலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வார்டன் எனக்குத் தந்ததிலேயே சுத்தமான சொல் அதுதான். அந்தச் சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே ஒரு தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எவ்வளவு திடுக்கிடுவது?

சொற்களைக் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை. எந்தச் சொல் எவ்வளவு எடை என்பதுதான் பிடிபடவில்லை. இங்கே வருமுன் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். அதன் பேச்சுப் பகுதியில் நர்ஸாகவும் நோயாளியாகவும் நடிக்கும் இரண்டு உரையாடல்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பரிவோடு பேசுகிறோமா என்பதற்குத் தனி மதிப்பீடு. திருநெல்வேலியில் பயிற்சி மையத்தில் கண்ணாடி முன்னால் நின்று, “ஐ ஆம் சோ சாரி டு ஹியர் தட்” என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பழகினோம். இங்கே வந்து, மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று சொன்ன ஒரு தாத்தாவிடம் அந்த வாக்கியத்தை முழுமையாகச் சொன்னேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் பயந்துபோனார்.

அவர்கள் சொல்வது ‘ஓ டியர்’. மூக்குக்கண்ணாடி தொலைந்தால் ஓ டியர், மழை பெய்தால் ஓ டியர். காலையில் டியூட்டி மாற்றிக்கொள்ளும் ஹேண்டோவரில், இரவு மூன்று மணிக்குப் பன்னிரண்டாம் அறைக்காரர் காலமாகிவிட்டார் என்று சொன்னாலும் அதே ஓ டியர்தான், ஆனால் குரல் மட்டும் ஒரு படி இறங்கி ‘டியர்’ கொஞ்சம் நீளும். எனக்கு அது முதலில் கல்நெஞ்சாகப் பட்டது. இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு பிறப்பிலிருந்து இறப்புவரை சமாளிக்கிறார்களே என்று தோன்றியது. பிறகு நம் ‘அடப்பாவி’யை நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் வீடு வாங்கிவிட்ட சிநேகிதியிடமும் அதைத்தான் சொல்கிறோம், பெற்ற தாயைக் கைநீட்டி அடித்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் அதைத்தான் சொல்கிறோம். எந்த இடத்தில் எந்த அழுத்தம் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை; வாய் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வாய் எனக்கு இல்லை.

கண்டனத்தில் இன்னும் மோசம். ஒரு பாட்டியின் மகள் வந்திருந்தார். துணி வெளுக்கும் இடத்தில் அம்மாவின் கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டு, குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருக்கிவிட்டிருந்தார்கள். அவர் அதைக் கையில் விரித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது என்று பொருள்படும்படி “தட்ஸ் எ பிட் டிஸப்பாயின்டிங்” என்றார். என்னிடம் நன்றி சொன்னார், வானிலை பற்றி ஒரு வார்த்தை பேசினார், போய்விட்டார். பெருந்தன்மையான பெண்மணி என்று நான் மற்றவர்களிடம் மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலை மேலாளரின் மேசையில் இரண்டு பக்கப் புகார்க் கடிதம் கிடந்தது. எங்கள் தெருவில் என்றால் அந்தச் சட்டைக்கு வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள், சாயங்காலத்துக்குள் சமாதானமும் ஆகியிருப்பார்கள். “கொஞ்சம்” என்ற சொல் வந்தால் கவனமாக இரு என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அந்த விடியற்காலை

இனி, உறுத்தும் கதை. அவரை டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன். முப்பது ஆண்டுக்குமேல் ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவர், அப்போது வயது 89. இரவு டியூட்டி முடியும் தறுவாயில், ஆறு மணிவாக்கில், அவர் மணியை அழுத்தினார். படுக்கை நனைந்திருந்தது. “ஓ டியர், உனக்கு வீண் தொந்தரவு” என்றார். நான் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈர விரிப்பைச் சுருட்டிக்கொண்டே, என்னை அறியாமல் உச்சுக்கொட்டினேன். இரண்டு முறையோ மூன்று முறையோ. சின்ன வயதில் நான் முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தால் எங்கள் ஆச்சி மண்ணைத் தட்டிவிட்டபடி எழுப்பும் அதே ஒலி. “இந்த வயதில் உனக்கு இந்தப் பாடா, தாயே” என்று நீட்டிச் சொல்ல வேண்டியதை நாக்கு சுருக்கிச் சொன்னது, அவ்வளவுதான். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது. “மன்னித்துவிடு, இனி இப்படி நடக்காது” என்றார். கிழவியின் குரலாக அது இல்லை. வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளையின் குரலாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, புது விரிப்பைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

அன்று இரவு திரும்பி வந்து ஃப்ளூயிட் சார்ட்டைப் பார்த்தேன். வழக்கமாக ஒரு பகலில் 1200 மில்லிக்குக் குறையாமல் குடிப்பவர், காலையிலிருந்து 250 மில்லிதான் குடித்திருந்தார். தேநீர் வேண்டாம், பழச்சாறு வேண்டாம், சூப் வேண்டாம் என்று வரிசையாக எழுதியிருந்தது. பகல் நர்ஸ் வற்புறுத்திக் கேட்டபோது, “இரவு வந்த பெண் என்னைப் பார்த்து டட் செய்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், அவள் செய்தது நியாயம்தான்” என்றாராம். சீனியர் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபப்படவில்லை. “இங்கே நாம் யாரையும் டட் செய்வதில்லை” என்று மட்டும் சொன்னார். நான் அப்படிச் செய்யவே இல்லை என்று சாதித்தேன். ‘டட்’ என்பது ஏதோ ஒரு சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகங்களில் அதைப் பார்த்திருக்கிறேன், ‘டட் டட்’ என்று எழுத்துக் கூட்டி வாசித்துமிருக்கிறேன். அவர் செய்து காட்டினார். மேல் பல்லின் பின்புறத்தில் நாக்கை ஒட்டி உறிஞ்சி விடுவிக்கும் அந்த ஒலி. ஆச்சியின் ஒலி, அட்சரம் பிசகாமல்.

ஒலியியல்காரர்கள் அதைப் பல்லொட்டுக் கிளிக் என்ற வகையில் சேர்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஷோசா, சூலு மொழிகளில் அது ஒரு மெய்யெழுத்து. சொற்களுக்கு நடுவிலேயே வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அது எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை. நாம் ‘உச்’ என்றும் ‘ச்சு’ என்றும் எழுதி ஒப்பேற்றுகிறோம், அவர்கள் ‘டட்’ என்று எழுதி ஒப்பேற்றுகிறார்கள். அவர்களிடம் அது பெரும்பாலும் கண்டிப்பு: வரிசையில் முந்துகிறவனுக்கு, நூலகத்தில் பேசுகிறவளுக்கு. நம்மிடம் சலிப்புக்கும் உண்டு என்றாலும், இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உச்சுக்கொட்டாதவர் யார்? ‘கொட்டுதல்’ என்ற வினையையே பாருங்கள், பறையையும் கண்ணீரையும் கொட்டுவதுபோல் அதையும் கொட்டுகிறோம். ‘ஐயோ’ 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. உச்சு அப்படி ஏறவில்லை. வார்டன் அதைத் திருத்தவில்லை, தேர்வில் அதைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் பேசும்போதும் அது தமிழில் பேசிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் டியூட்டி இல்லாவிட்டாலும் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் ஊரில் அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று சொன்னேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. “நானே முப்பது வருஷம் பிள்ளைகளைப் பார்த்து அந்தச் சத்தம் போட்டவள். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு, “சரி, உங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சத்தம் என்றால், எது எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?” என்று கேட்டார். “முகத்தைப் பார்த்தால் தெரியும்” என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் புத்தி வேலை செய்தது. அவருக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்தது. வயதானவர்களுக்கு வருகிற மாக்குலர் டீஜெனரேஷன். ஓரப் பார்வை மட்டும் மிஞ்சும், நேரே பார்க்கிற இடத்தில் ஒன்றும் தெரியாது. அவருடைய பராமரிப்புக் குறிப்பில் அதை வாசித்திருக்கிறேன், தண்ணீர்க் கோப்பையை அவர் கைபடும் இடத்தில் கவனமாக வைத்தும் இருக்கிறேன். “உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்பு நிறப் புகைதான் இருக்கிறது” என்றார் டீச்சர். என் சாய்ந்த தலையும் சுருங்கிய புருவமும் அந்தப் புகைக்குள் போய்விட்டன. வெளியே வந்தது சத்தம் மட்டும்.

இதுதான் என்னை அடங்கவிடாமல் வைத்திருப்பது. பண்பாட்டு வேறுபாடு என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அடுத்து நடந்த பணியாளர் பயிற்சியில் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். ஆனால் கண் தெரியாத ஒரு தமிழ்க் கிழவியின் ஈரப் படுக்கையருகே நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் நான் உச்சுக்கொட்டியிருந்தால், அவளும் கம்பியை இறுகப் பிடித்திருக்கமாட்டாளா? ஆச்சி உச்சுக்கொட்டும்போது அவள் கை என் முழங்காலில் இருந்தது. என் கை அன்றைக்கு விரிப்பில் இருந்தது.

ஒரு ஷில்லிங் அபராதம்

அதன் பிறகு டீச்சரோடு எனக்குப் பேச்சு வளர்ந்தது. சொல்லின் வேர் தோண்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஐந்தாம் அறைக்காரரின் கார்டன் பென்னட் கதையைச் சொன்னதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ‘பிளைமி’ என்பது ‘கடவுள் என் கண்ணைப் போக்கட்டும்’ என்ற ஆணையின் தேய்ந்த வடிவம் என்றார். “பொய் சொன்னால் என் கண் அவிந்து போகட்டும்” என்று எங்கள் ஊரிலும் சத்தியம் செய்வோம் என்றேன். “நான் யாரிடம் பொய் சொன்னேனோ தெரியவில்லை” என்று தன் கண்ணைக் காட்டிச் சிரித்தார். யார்க்ஷயர்க் கிழவர்களின் ‘பை கம்’, நாகரிகமானவர்களின் ‘காஷ்’, ‘குட்னஸ்’ எல்லாமே கடவுள் பெயருக்கு முக்காடு போட்டவைதான். முக்காடு போடாவிட்டால் காசு போகும். நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டுக்குச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம் என்று 1606-இல் சட்டம் வந்தது. 1622-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தின் தொடக்கத்தில் இயாகோ என்ற பாத்திரம் ‘கடவுளின் இரத்தம்’ என்பதைச் சுருக்கி ‘ஸ்பிளட்’ என்கிறது. மறு ஆண்டு வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில் அந்தச் சொல்லைக் காணோம். 1745-இல் வந்த இன்னொரு சட்டம், வாயில் கெட்ட ஆணை வந்தால் கூலிக்காரனுக்கும் சிப்பாய்க்கும் ஒரு ஷில்லிங், கனவான்களுக்கு ஐந்து ஷில்லிங், இடைப்பட்டவர்களுக்கு இரண்டு என்று தரம்பிரித்து விதித்தது. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவாலயங்களில் வாசிக்கவும் வைத்தார்கள். 1967-இல்தான் அதை நீக்கினார்கள். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூடச் சட்டப்படி அபராதம் போட்டிருக்கலாம் என்பதில் டீச்சருக்கு ஒரு திருப்தி.

பதிலுக்கு நான் ஆச்சியின் சட்டத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டில் ‘ஐயோ’ என்று சொல்லக்கூடாது. ஐயோ என்பது எமனுடைய பெண்டாட்டியின் பெயர், அவளைக் கூப்பிட்டால் பின்னாலேயே புருஷனும் வந்துவிடுவான். அடிபட்டால் “அம்மா” என்று கத்தலாம், “சிவ சிவா” என்று சொல்லலாம். பேரப்பிள்ளைகள் மேல் ஆத்திரம் வந்தால், “நாசமாப் போ” என்று வாய்வரை வந்ததை அவள் “நாசமத்துப் போ” என்று மாற்றிவிடுவாள். நாசம் அற்றுப் போ, அதாவது நன்றாக இரு. திட்டின திருப்தியும் உண்டு, சாபமும் பலிக்காது. டீச்சர் இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். “உன் பாட்டியும் கார்டன் பென்னட்டும் ஒரே பள்ளிக்கூடம்” என்றார்.

நான் உச்சுக்கொட்டுவதை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. சொல்லை நாக்கு நுனியில் பிடித்து நிறுத்தலாம், இதை நிறுத்த நேரமே இருப்பதில்லை. இப்போது டீச்சரின் அறைக்குள் போனால் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்; ஒலி வந்தால் கையோடு வரட்டும் என்று ஓர் ஏற்பாடு. அவரும் தன் பக்கத்துக்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். என் நாக்கு தட்டும் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பி, “விச் ஒன்?” என்று கேட்பார். இது எந்த ஊர்ச் சத்தம் என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். முதுகில் வலி, இரவெல்லாம் தூக்கமில்லை, மகன் இந்த வாரமும் வரவில்லை என்று அவர் சொல்லும்போதெல்லாம், “எங்கள் ஊர், டீச்சர்” என்று சொல்லிவிடுவேன். போன வாரம் படுக்கையைத் தட்டிப் போடும்போது, தலையணை உறைக்குள்ளிருந்து நான்கு நாள் மாத்திரைகள் வரிசையாகக் கீழே உருண்டன. சத்தம் அவருக்கும் கேட்டது, எனக்கு வந்த சத்தமும் கேட்டது.

“விச் ஒன்?” என்றார்.

“இது இங்கிலீஷ், டீச்சர்” என்றேன்.